ஒருவருக்கும் தெரியாத ஆங்கிலச் சொற்கள்: வகுப்பில் எப்படி விளையாடலாம்?

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கணக்கில் என்னையே மடக்குவார்கள். ஆங்கிலம் என்றதும் மட்டும் வாய் கட்டிப்போய்விடுகிறது. ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு.

அண்மையில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எனக்குப் பிடித்த ஒரு விசித்திரமான சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்: பெற்றிகோர். காய்ந்து கிடந்த நிலத்தில் மழை விழும்போது எழும் மணத்துக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வாங்கில் இருக்கும், வாயே திறக்காத ஒரு பிள்ளை, "அதற்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்களா ரீச்சர்?" என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அடுத்த வாரம் இன்னும் சில சொற்களைக் கொண்டுபோனேன். இலைகள் கிசுகிசுக்கும் ஓசைக்குச் சுசுரஸ். குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூட்டுக்கு அப்ரிசிற்றி. எழுதி, பொருள் சொல்லி, கொப்பியில் இறக்கச் சொன்னேன். பிள்ளைகளின் முகம் பழையபடி இறுகிவிட்டது. இதுவும் ஒரு சொல்வதை எழுதுதல்தான் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

எனக்கு வேண்டியது விளையாட்டு. இந்தச் சொற்களைப் பிள்ளைகள் கையில் எடுத்து உருட்டவேண்டும், வளைக்கவேண்டும், தங்கள் ஊருக்குக் கொண்டுவரவேண்டும். அதை எப்படிச் செய்வது? இதெல்லாம் சாதாரண தரப் பரீட்சையில் வருமா என்று ஒரு பெற்றார் கேட்டபோது எனக்குத் தெளிவாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.

கிளிநொச்சி மாஸ்ரர் எழுதியது:

அன்பின் ரீச்சர்,

அந்தப் பிள்ளை வாய் திறந்ததற்குக் காரணத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 'அப்பிள்' என்ற சொல்லில் எங்கள் பிள்ளை எப்போதும் பின்னால்தான் நிற்கிறது. நகரத்துப் பிள்ளை அதை மூன்று வயதிலேயே சொல்லிவிடுகிறது. பெற்றிகோர் என்ற சொல்லில் கொழும்புப் பிள்ளையும் ஒட்டுசுட்டான் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களில் பெரும்பாலானோரும் அதே கோட்டில்தான். யாருக்கும் தெரியாத சொல் தனக்கும் தெரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கம் விலகிய இடத்தில் கேள்வி வருகிறது. பயந்த பிள்ளைகளுக்கு இந்த அரிய சொற்களை நான் மனமார விரும்பிப் பரிந்துரைப்பது இதனால்தான்.

1996க்குப் பிறகு வன்னியில் ஓலைக் கொட்டில்களிலும் மரநிழலிலும் வகுப்பு நடத்தியவர்களில் நானும் ஒருவன். புத்தகம் போதாது, கொப்பி போதாது. ஒரு சொல்லை எடுத்து ஒரு பாடவேளை முழுவதையும் அதிலேயே நடத்தப் பழகியது அப்போதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பொருளை நீங்கள் சொல்லாதீர்கள். சொன்ன கணத்தில் விளையாட்டு முடிந்துவிடும்.

அதற்குப் பதிலாகப் 'பொய் அகராதி' விளையாடுங்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் வீட்டுக்குள் விளையாடும் பழைய விளையாட்டு இது. 1984இல் 'பால்டர்டாஷ்' என்ற பெயரில் பெட்டியில் போட்டும் விற்கத் தொடங்கினார்கள். எங்களுக்குப் பெட்டி தேவையில்லை, துண்டுத்தாள் போதும். உதாரணத்துக்கு 'விடர்ஷின்ஸ்' என்ற சொல்லை எழுதுங்கள். பிள்ளைகளை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொய்ப் பொருளை, ஆங்கிலத்தில், ஒரே வசனத்தில் எழுதித் தரவேண்டும். உண்மையான பொருளை நீங்களும் ஒரு துண்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து, ஒரே குரலில் வாசியுங்கள். எது மெய் என்று பிள்ளைகள் வாக்களிக்கட்டும். தன் பொய்யை மற்றவர்களை நம்பவைத்த குழுவுக்குப் புள்ளி. மெய்யைக் கண்டுபிடித்த குழுவுக்கும் புள்ளி.

இதில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பொய் நம்பும்படி இருக்கவேண்டும் என்றால் அது அகராதியின் நடையில் இருக்கவேண்டும். வினைச்சொல் தவறினாலும், ஒருமை பன்மை பிசகினாலும் "இது எங்கள் வகுப்புப் பொய்" என்று பிடிபட்டுவிடும். அதனால் ஒரு வசனத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள். 'இந்த இடத்தில் என்ன வரும் ரீச்சர்' என்று அவர்களாகவே கேட்பார்கள். இலக்கணப் பாடத்தில் நான் எவ்வளவு கெஞ்சியும் வராத கேள்வி அது.

விடர்ஷின்ஸ் என்றால் சூரியன் செல்லும் திசைக்கு எதிராகச் சுற்றுவது, அதாவது இடமாகச் சுற்றுவது. ஸ்கொட்லாந்து வழக்கில் தேவாலயத்தை அப்படிச் சுற்றுவது கெடுதி என்று நம்பினார்கள். தான்தோன்றீஸ்வரர் வாசலில் வலம் வந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அடுத்தது, சொல்லுக்கு ஊரில் ஓர் இடம் கொடுப்பது. 'கொங்கூஸ்லர்' என்று ஒரு சொல் இருக்கிறது. இங்கிலாந்தின் படகுக் கால்வாய்களில் வேலை செய்தவர்கள், கரையில் நின்று ஒரு வேலையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வைத்த பெயர். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிடும் நாளில் குளக்கட்டில் நிற்கும் சனத்தைப் பார்த்தால் இந்தச் சொல் யாருக்காகக் காத்திருந்தது என்று தெரியும். ஐந்து வரியில் ஒரு கொங்கூஸ்லரை எழுதச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார். கச்சான் கொட்டையை உரித்துக்கொண்டு முறிகண்டியில் பஸ்களைப் பார்ப்பவரும் வரலாம். அப்ரிசிற்றியையும் அப்படிச் செய்யுங்கள். 1623இல் வெளிவந்த ஹென்றி கொக்கரமின் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. பிறகு ஏறக்குறைய ஒருவரும் அதைத் தொடவில்லை. எங்களிடம் பனிவிழும் குளிர்காலம் இல்லைதான். மார்கழிக் காலையில் வயல் வரம்பில் நின்று முதுகை வெயிலுக்குக் கொடுத்தவனுக்கு அந்தச் சொல் உரியது இல்லை என்று யார் சொல்வது?

நீண்ட சொல் கிடைத்தால் உடைக்கக் கொடுங்கள். 'ஃபிளொக்சினோசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 29 எழுத்துக்கள். ஒன்றைப் பயனற்றது என்று ஒதுக்கும் செயலைக் குறிக்கிறது. அதற்குள் நான்கு இலத்தீன் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்றுமில்லாதது, மயிர் என்று எல்லாமே பெறுமதி இல்லாதவை. கைதட்டி அசை பிரித்துச் சொல்லவைத்துவிட்டு, அதே முறையில் தமிழில் ஒரு சொல் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் புலவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தலைகீழாக வாசித்தாலும் மாறாத மாலைமாற்றில் ஒரு பதிகமே சம்பந்தர் பாடியிருக்கிறார். உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய நிரோட்டகம் என்ற வகையும் உண்டு. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். ஓர் ஈர்க்குத் துண்டை உதடுகளுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும். 'சுசுரஸ்' என்றால் ஈர்க்கு நிற்கும். 'பெற்றிகோர்' முதல் எழுத்திலேயே தட்டிவிடும். உதடு ஒட்டாத ஆங்கிலச் சொற்களால் ஒரு முழு வசனம் கட்டுவது பெரியவர்களுக்கே கடினம். உச்சரிப்புக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

முத்தையன்கட்டு விவசாயி எழுதியது:

மாஸ்ரருக்கும் ரீச்சருக்கும் வணக்கம். நானும் ஒரு தகப்பன். மகன் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். ஆங்கிலத்தில் சித்தி இல்லாவிட்டால் நாளைக்கு எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். பரீட்சைக்கு வராத சொல்லுக்கு ஒரு பின்னேரத்தைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெற்றாரின் கேள்வி நியாயமானது, அதற்கு நேரான பதில் வேண்டும்.

வாசிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது, அதையும் எழுதுகிறேன். மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்தில் களத்துக்கென்று தனிச் சொற்கள் இருந்தன. களத்தில் நின்றுகொண்டு நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதம் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். சிறுவனாக இருந்தபோது நான் வாய் தவறிச் சொன்னால் அப்பா கண்ணாலேயே அடக்குவார். எங்கள் பாட்டனார் காட்டுக்குத் தேனெடுக்கப் போனால் யானை என்று சொல்லவே மாட்டார், 'பெரியவர்' என்பார். இப்போது அறுவடை இயந்திரம் வெட்டி, தூற்றி, நெல்லை நேரே மூட்டைக்குத் தந்துவிடுகிறது. அந்தச் சொற்களைச் சொல்ல ஓர் இடம் இல்லை. என் மகனுக்குப் பொலி தெரியும், மற்றவை தெரியாது. இந்தச் சொற்கள் உங்கள் விளையாட்டுக்குள் வருமா?

வவுனியா வாசகி எழுதியது:

சின்னதாக ஒன்று சேர்க்கிறேன். விசித்திரமான ஆங்கிலச் சொற்களில் எங்கள் வீட்டுச் சொற்களும் ஒளிந்திருக்கின்றன. 'மலிகட்டோனி' என்று கரும்பலகையில் எழுதி இது என்ன என்று கேளுங்கள். ஒரு மலையின் பெயர், ஒரு பூச்சியின் பெயர் என்றெல்லாம் வரும். மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லவிட்டால் யாராவது ஒருவர் மிளகுதண்ணீர் என்று கத்துவார். கற்றமரான் கட்டுமரம், செரூட் சுருட்டு. கண்டுபிடிக்கும் கணத்தில் பிள்ளைகளின் குரலைக் கேட்கவேண்டும்!

'செரெண்டிபிற்றி'யையும் விட்டுவிடாதீர்கள். தேடாமலே நல்லது ஒன்று கைக்கு எட்டுவதற்கு அந்தப் பெயர். ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய ஒரு கடிதத்தில் அதை உருவாக்கினார். செரெண்டிப் நாட்டின் மூன்று இளவரசர்கள் பற்றிய கதையிலிருந்து எடுத்ததாக அவரே சொல்கிறார். செரெண்டிப் என்பது எங்கள் தீவின் பழைய பெயர்.

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

மாஸ்ரர், பொய் அகராதியை விளையாடிவிட்டோம். என்ன நடந்தது என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடர்ஷின்ஸ் என்று எழுதியதும் ஒரு குழு, மழையில் நனைந்த சப்பாத்து நடக்கும்போது எழுப்பும் ஓசை என்று எழுதியது. இன்னொரு குழு, பழைய காலத்துப் போர்வீரர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டிய தோல் என்றது. கடைசி வாங்குக் குழு எழுதியது இது: பாம்பு வேலியில் கழற்றிவிட்டுப் போன சட்டை. 'ஸ்கின்' என்ற சொல்லின் ஓசை உள்ளே கேட்கிறது என்று அந்த வாய் திறக்காத பிள்ளைதான் கண்டுபிடித்தாளாம். அந்த ஆங்கில வசனத்தை நான் ஓர் இடத்திலும் திருத்தவில்லை. 'விட்டுப்போன' என்பதற்கு என்ன எழுதுவது என்று மட்டும் எழுந்து வந்து காதோடு கேட்டாள். வகுப்பில் பெரும்பாலானோர் அந்தப் பொய்க்கே கையுயர்த்தினார்கள். அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மெய்யான பொருளைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து என் மேசையை இடப்பக்கமாகச் சுற்றினான். "கூடாது, கூடாது!" என்று எல்லோரும் கத்தினார்கள். அப்படியென்றால் வலமாக வருவதற்கு என்ன சொல் என்று கேள்வி வந்தது. தேடிப் பார்த்தேன், அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. காதில் 'டீசல்' என்று விழும் சொல். அது ஒன்று போதாதா! இனி அவர்களுக்கு அது மறக்காது.

நீண்ட சொல்லுக்குத் தமிழில் அவர்கள் கட்டியது: தூசுதுரும்புபதர்சருகாக்கம். பதரைச் சேர்க்கவேண்டும் என்று வயல்காரப் பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். மலிகட்டோனி அடுத்த வாரத்துக்கு.

முத்தையன்கட்டு ஐயாவுக்குப் பதில் சொல்லும் தகுதி மாஸ்ரருக்குத்தான் உண்டு. அவரையே கேட்கிறேன்.

கிளிநொச்சி மாஸ்ரர் எழுதியது:

பாம்புச் சட்டை! அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டுத் தம்பிக்கு நேரான பதில்: வராது. விடர்ஷின்ஸ் எந்தப் பரீட்சையிலும் வரப்போவதில்லை, வரும் என்று ஒரு பெற்றாருக்கும் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வினாத்தாளில் பிள்ளை தானாக எழுதவேண்டிய பகுதிகள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு வசனமாவது எழுதத் தெரியாததால் அல்ல, பிழை வந்துவிடும் என்ற பயத்தால். பொய் அகராதிக்காக வசனம் வசனமாக எழுதிய பிள்ளை அந்தப் பக்கத்தில் ஏதாவது எழுதும். புள்ளி அங்கே கிடைக்கும். அதோடு ஓர் அரிய சொல் தனியாக வருவதில்லை. 1964இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜோய் பெயாரும் ரிச்சர்ட் தோமஸும் பெற்றிகோர் என்ற சொல்லை உருவாக்கினார்கள். வறண்ட காலத்தில் தாவரங்களிலிருந்து வரும் எண்ணெய் களிமண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடந்து, ஈரம் பட்டதும் மணக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். சொல்லின் முதற்பாதி கல் என்ற கிரேக்கச் சொல். பிற்பாதி, கிரேக்கத் தேவர்களின் நாளங்களில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். அந்த முதற்பாதியைப் பிடித்த பிள்ளைக்குப் பெற்றோலியம் என்ற சொல் திறந்துவிடும்: கல்லின் எண்ணெய். இது பரீட்சைக்கு வரக்கூடிய சொல்தானே, தம்பி? ஆனாலும் சனிக்கிழமைப் பின்னேரம் முழுவதும் இதற்கே போகவேண்டாம். கடைசி அரைமணி நேரம் போதும், பாடத்தை முடித்துவிட்டு.

உங்கள் களத்துச் சொற்களைப் பற்றி வாசித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அவை கட்டாயம் உள்ளே வரவேண்டும். ஆங்கிலத்திலும் இதே அச்சம் இருந்திருக்கிறது. கரடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெயார்' என்ற சொல்லின் பழைய பொருள் 'கபில நிறத்தான்' என்று மொழியியலாளர் பலர் விளக்குகிறார்கள். அதன் உண்மையான பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து சுற்றிவளைத்துச் சொன்ன சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. ரஷ்ய மொழியில் கரடியின் பெயருக்குத் 'தேன் உண்பவன்' என்று பொருள். உங்கள் பாட்டனாரின் பெரியவரும் அந்தத் தேன் உண்பவனும் ஒரே பயத்தின் பிள்ளைகள். பழைய ஆங்கிலப் புலவர்களோ பயத்துக்காக இன்றி அழகுக்காகவே இப்படிச் சுற்றிச் சொன்னார்கள். கடலைத் 'திமிங்கிலத்தின் பாதை' என்றார்கள்.

ஆகவே இந்த வாரம் இப்படிச் செய்யுங்கள், ரீச்சர். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் பெரியவர்களிடம் போய், சொல்லக்கூடாத சொல்லுக்குப் பதிலாகச் சொன்ன சொல் ஒன்றைக் கேட்டு வரட்டும். களத்தில், காட்டில், இரவில், கடலில் எதுவானாலும் சரி. தம்பி, உங்கள் மகனையும் அனுப்புங்கள், உங்களுக்கு நினைவிருக்கும் மற்றச் சொற்களை அவனிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு யானைக்கும் முதலைக்கும் நந்திக்கடல் இறாலுக்கும் ஆங்கிலத்தில் அப்படி ஒரு மறைபெயரை அவர்களே இரண்டு சொற்களில் கட்டட்டும். பெயரைச் சொன்னவன் வாய் மூடியிருக்க, மற்றவர்கள் அது எது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

இன்னொரு சொல்லும் தருகிறேன்: 'அல்ட்ராக்ரெபிடேரியன்'. தனக்குத் தெரியாத விடயத்தில் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்பவர். வில்லியம் ஹஸ்லிற் 1819இல் ஒரு விமர்சகரைத் தாக்கி எழுதியபோது பயன்படுத்திய சொல். அதன் பின்னால் ஒரு கிரேக்கக் கதை இருக்கிறது. அப்பெலிஸ் என்ற ஓவியர் தன் படத்தை வெளியே வைத்துவிட்டு ஒளிந்திருந்து கேட்டார். செருப்புத் தைப்பவர் ஒருவர் படத்தில் உள்ள செருப்பில் பிழை கண்டார். ஓவியர் அதைத் திருத்தினார். மறுநாள் அதே ஆள் காலிலும் பிழை சொல்லத் தொடங்க, "செருப்புக்கு மேலே போகாதே" என்றார் அப்பெலிஸ். சொல்லின் நடுவில் இருப்பது அந்தச் செருப்புத்தான். சொல்லை எழுதுவதற்கு முன் கதையை நடிக்க விடுங்கள். ஓவியராகப் பாம்புச் சட்டைப் பிள்ளையைப் போடுங்கள். கடைசி வசனம் அவளுடையது, ஆங்கிலத்தில் சொல்லட்டும்.